நார்மன் பாக்ஸனாரும் வானத்துக் கற்பாறைகளும்

2025-ம் ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில், ரப்பர் விலையும் கடற்சீற்றமும் பற்றிய செய்திகளோடு நம் பத்திரிகைகள் புதுமையானதொரு செய்தியையும் தாங்கி வந்தன. சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி யொன்று 2024 டிசம்பர் 27-ல் கண்ட ஒரு கற்பாறை, 2032 டிசம்பர் 22-ல் பூமியின்மேல் மோதக்கூடும் என்றும், அவ்வாறு நேர்வதற்கு நூற்றுக்கு மூன்று பங்கினும் சற்றே மிகுதியான வாய்ப்புண்டு என்றும் வான நூலோர் கணக்கிட்டிருந்தனர். மோதுமாயின் எவ்விடத்தில் மோதும் என்று வரைந்த நீண்ட கோடு, பசிபிக் சமுத்திரத்திலே தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபாகத்தையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, அரபிக் கடலையும் தென்னாசியாவையும் தொட்டு நின்றது. குளச்சலிலும் முட்டத்திலும் கரைமேல் நின்று மேற்றிசையை நோக்குவார்முன் விரிந்து கிடப்பது அக்கடலே யன்றோ? சில நாட்களுக்குள் மேலும் பல இரவுகளின் குறிப்புக்கள் வந்து சேர, அவ்வபாயம் இல்லை யென்று தெளிவாயிற்று. நாமும் அதனை மறந்துவிட்டோம்.

ஆயினும் அச்செய்தியில் நம் கருத்தை விட்டகலாத நுட்ப மொன்று இருந்தது. அக்கல்லின் அகலம் நாற்பது மீட்டர் முதல் தொண்ணூறு மீட்டர் வரை இருக்கலாம் என்று எழுதியிருந்தனர். அதனருகே சென்றார் எவருமிலர். மிகப் பெரிய தொலைநோக்கியிலும் அது ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றிற்று. அங்ஙனமாயின் அதனை அளந்தது எவ்வாறு? ஒளியைக் கொண்டே அளந்தனர். அவ்வொளியை மதிப்பிடும் அளவுகோலை உலகிற்கு வகுத்தளித்தவர், சென்னை நுங்கம்பாக்கத்தில் முப்பது ஆண்டுகள் ஊழியம் புரிந்து அங்கேயே உயிர்நீத்த நார்மன் ராபர்ட் பாக்ஸன் என்பவர். வான நூல் பயின்றார் யாவரும் அவர் பெயரை அறிவர். அவர் வாழ்ந்த நாட்டினராகிய நம்மிலோ அறிந்தவர் மிகச் சிலர். ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பாக்ஸனார் 1829-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். தந்தையார் காலுறை முதலியவற்றை உற்பத்தி செய்யும் தொழிலை நடத்தியவர். மகனும் வியாபாரத்தில் இறங்குதலே குடும்பத்தார் எண்ணம். பையனுக்கோ கணிதத்தில் பற்று விழுந்தது. பதினாறு வயதிற் பள்ளியை விட்டுக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பதினெட்டு வயதிற்குள் வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டு விட்டார். ஜான் ரஸ்ஸல் ஹைண்டு என்னும் வான நூலறிஞரின் நட்பினால், 1851-ல் இலண்டனிலிருந்த ஜார்ஜ் பிஷப் என்பாருடைய சொந்த ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரத்து ராட்கிளிஃப் நிலையத்தில் உதவியாளரானார்.

அக்காலத்தில் வான நூலோரை ஆட்கொண்டிருந்த வேட்டை யொன்றுண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையேயுள்ள வெளியில், 1801-ம் ஆண்டின் முதல் நாளன்று, பியாஸி என்னும் இத்தாலியப் பாதிரியார் சீரஸ் என்ற சிறு கிரகத்தைக் கண்டார். ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் மேலும் மூன்று அகப்பட்டன. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒன்றேனும் அகப்படவில்லை. 1845-ம் ஆண்டின் இறுதியில் ஐந்தாவது தோன்றியதும் வழி திறந்ததுபோல் ஆண்டுதோறும் பல வெளிப்பட்டன. இந்நாளிற் சிறுகோள் என வழங்கும் இவற்றைக் காண்பதற்குக் கூரிய கண்ணும், அதனினும் மிகுந்த பொறுமையும் வேண்டும். வானத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள நட்சத்திரங்களை யெல்லாம் படத்தில் குறித்து வைத்துக்கொண்டு, இரவுதோறும் அப்படத்தையும் வானத்தையும் ஒப்புநோக்குதல் வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி யொன்று தோன்றி, மறுநாள் இடம் பெயர்ந்தும் இருக்குமாயின் அது நட்சத்திரமன்று. நாற்றங்காலில் களையைத் தேடுவார் வேலையும் இத்தகையதே. ஆனால் இங்கே களை ஆயிரம் பயிரினிடையே ஒன்றுகூட இராது.

1856 மே மாதத்தில் பாக்ஸனார் நாற்பத்திரண்டாம் சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு இடப்பட்ட ஐசிஸ் என்னும் பெயர், ஆக்ஸ்போர்டு வழியே ஓடும் ஆற்றின் பெயராகவும் இருந்தது; நான்கு வயது நிரம்பாத அவர் மகளின் பெயராகவும் இருந்தது. பிரான்சு தேசத்து லாலாண்டு பரிசும் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே அரியாட்னி, ஹெஸ்டியா என்னும் இரண்டையும் கண்டார்.

ஆயினும் அவர் பெயரை என்றும் நிறுத்தியது இக்கண்டுபிடிப்புக்களன்று. சிறு கிரகங்களின் பொருட்டு அவர் இயற்றிய ஒரு கணக்கே யாகும். பண்டைக் கிரேக்கர் விண்மீன்களை ஆறு தரமாகப் பிரித்திருந்தனர். மிக்க ஒளியுடையன முதல் தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன ஆறாம் தரம். ஒரு தரத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை யில்லை. ஒருவர் ஒன்பதாம் தரம் என்பதை மற்றொருவர் பத்தாம் தரம் என்பர். 1857-ம் ஆண்டின் ஒவ்வொரு மாதத்து முதல் நாளிலும் முப்பத்தாறு சிறு கிரகங்கள் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்னும் அட்டவணையைத் தயாரிக்கப் புகுந்த பாக்ஸனாருக்கு இக்குழப்பம் பெருந்தடையாயிற்று. சிறு கிரகம் நம்மை நெருங்குகையிற் பிரகாசித்தும், விலகுகையில் மங்கியும் வருவது. இன்ன மாதத்தில் இன்ன தொலைநோக்கிக்கு அது புலப்படுமா என்பதை அறிதற்குத் திட்டமான அளவு வேண்டும். முதல் தர ஒளி ஆறாம் தர ஒளியைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு என்று முன்பே சிலர் கண்டிருந்தனர். பாக்ஸனார் ஐந்து படிகளின் வேற்றுமை சரியாக நூறு மடங்கு என்று வரையறுத்தார். அப்பொழுது ஒவ்வொரு படியும் 2.512 மடங்காகும். மடக்கை வாய்பாட்டிற்கு இவ்வெண் மிக எளிதாய் இசைந்தது. இருபத்தேழு வயது இளைஞர் அட்டவணை யொன்றின் வசதிக்காகத் தெரிந்தெடுத்த இவ்வெண் நாளடைவில் உலக முழுவதும் ஏற்கப்பட்டு, இன்றளவும் மாறாது நிற்கின்றது.

1859-ல் ஹார்ட்வெல் என்னுமிடத்திலிருந்த ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைவரானார். அடுத்த ஆண்டில் சென்னை அரசாங்க வான நூலறிஞராக நியமனம் பெற்று, 1861 பிப்ரவரியில் சென்னை வந்து சேர்ந்தார்.

அந்நாளில் நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அவ்வரசிலும் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் நிறுவிய நட்சத்திர பங்களா திருவனந்தபுரத்தில் இருந்தது. அதன் முதல் தலைவரான கால்டிகாட்டும், பின்வந்து அகத்தியமலை உச்சிக்குக் காந்தமானிகளைச் சுமப்பித்துச் சென்ற பிரவுனும் தனியே எழுதத் தக்கவர். சென்னை நிலையமோ அதனினும் பழைமையானது. 1786-ல் வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கியதைக் கம்பெனியார் ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்திற் கட்டடம் அமைத்தனர். பாக்ஸனார் வந்த காலத்தில் அங்கே பழங்கருவிகளும் சில உதவியாளருமே இருந்தனர்.

வந்த சில மாதங்களுக்குள்ளேயே, 1861 ஏப்ரல் 17-ந் தேதி இரவில் அவர் புதிய சிறு கிரக மொன்றைக் கண்டார். அதுவரை அறியப்பட்ட அறுபத்தாறும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ காணப்பட்டவை. இக்கண்டத்திலிருந்து கண்டது இதுவே முதலாதலின், ஆசியா என்றே அதற்குப் பெயரிட்டார். 1864-ல் சாஃபோ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா என்பவற்றையும் சென்னையிலேயே கண்டார். இவற்றுள் சில்வியா தனிச் சிறப்புடையது. அதனைச் சுற்றி ஒரு சந்திரன் வருவதை 2001-லும், மற்றொன்று வருவதை 2004-லும் பிற்காலத்தார் கண்டனர். இரண்டு சந்திரர்களோடு கூடியதாக அறியப்பட்ட சிறு கிரகங்களுள் அதுவே முதலாவது. பாக்ஸனார் கண்டவை யெல்லாம் செவ்வாய்க்கு அப்பாலே தம் வழியிற் செல்வன. பூமிக்கு அவற்றால் இடரில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இவ்வேலைகளைத் தனியொருவராக அவர் செய்தாரல்லர். சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் என்னும் நம் நாட்டறிஞர் அவருக்கு முதல் உதவியாளராயிருந்தார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர் இவர். 1874-ல் சூரியன்மேற் சுக்கிரன் கடந்து செல்லும் காட்சியைக் குறித்துத் தமிழ் முதலிய மொழிகளில் நூல் வெளியிட்டு, பொதுமக்களுக்கு விளக்கியவரும் இவரே. 1868 ஆகஸ்டு 18-ல் நேர்ந்த பூரண சூரிய கிரகணத்தைப் பாக்ஸனார் மசூலிப்பட்டினத்திலிருந்து காண, வனபர்த்தி யென்னும் ஊரில் மற்றொரு கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவரும் இவ்வாச்சாரியாரே. அந்தக் கிரகணத்திற் சூரியனைச் சூழ்ந்த ஒளியிலே சோடியத்தின் கோட்டிற்கு அருகில் மஞ்சட் கோடு ஒன்றைப் பாக்ஸனார் குறித்தார். பின்னர் ஹீலியம் எனப்பட்ட பொருளின் கோடு அது. அவருடைய அறிக்கை அரசாங்கப் பதிவுகளோடு பதிவாக முடங்கிற்று. புகழ் பிறரைச் சேர்ந்தது.

1872-ம் ஆண்டு கார்த்திகை மாதத்து நிகழ்ச்சி யொன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பீலா என்னும் வால்நட்சத்திரம் 1846-ல் இரண்டாகப் பிளந்து, 1852-ல் இரட்டையாகவே திரும்பி வந்து, அதன்பின் காணாமற் போயிற்று. 1872 நவம்பர் 27-ந் தேதி இரவு பூமி அதன் பழைய பாதையைக் கடந்தபொழுது, ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழைபோற் பொழிந்தன. ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்திலிருந்த கிளிங்கர்ஃபூஸ் என்னும் அறிஞர், பூமி அவ்வால்நட்சத்திரத்தையே தொட்டுவிட்டது என்று கருதினார். அங்ஙனமாயின் அது பூமியைக் கடந்து தென்வானத்திற் செல்லவேண்டும். அவ்வானம் ஜெர்மனிக்குத் தெரியாது. யார் காண்பார் என்று எண்ணியவருக்குச் சென்னைப் பாக்ஸனாரே நினைவிற்கு வந்தார். பூமியைத் தொட்ட பொருளை இன்ன விண்மீனருகே தேடுக என்று கெட்டிங்கனிலிருந்து விடுத்த தந்தி, ருஷியா வழியாக ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதிற் சென்னையை அடைந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னை வானம் எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. முதல் இரண்டு இரவும் மேகம் மூடி நின்றது. டிசம்பர் 2-ல் மேகம் சிறிது விலகிய வேளையில், குறித்த இடத்திற்கு அணித்தாகவே வட்டமான பொருள் ஒன்றைப் பாக்ஸனார் கண்டார். மறுநாளும் கண்டார், அன்று சிறு வாலும் புலப்பட்டது. பின்னர் மேகமும் மழையும் மீண்டும் மூடிக்கொண்டன. வானத்திற் செல்லும் பொருளின் பாதையைக் கணித்தற்கு மூன்று நாட் குறிப்பேனும் வேண்டும், இரண்டே கிடைத்தன. அவர் கண்டது பீலாவின் பகுதியன்று, தற்செயலாய் அங்கிருந்த வேறொரு வால்நட்சத்திரம் என்று பின்னர்க் கணக்கிட்டோர் முடிவு செய்தனர். அது மீளவும் எவர் கண்ணுக்கும் தென்படவில்லை. பூமியைத் தொட்ட ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்குத் தந்தி பறந்தது அதற்கு முன் நிகழ்ந்ததாக நாம் கேட்டதில்லை. ஒரே ஓர் இரவு வானம் தெளியாமையால் அம்முயற்சி முற்றுப்பெறாதொழிந்தது.

மகள் ஐசிஸ் அம்மையார் 1873 முதல் நிலையத்தில் உதவியாளராய் அமர்ந்தார். அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் சமையற்காரரும் வண்டியோட்டியும் பெறும் கூலிக்கு ஒத்ததாயிருந்தது என்பர். 1881-ல் சென்னை மாகாணத்து வானிலைக் குறிப்பாளர் பதவியையும் ஏற்றார். 1886-ல் தந்தையார் மகளை இலண்டன் அரச வான நூற் கழகத்து உறுப்பினராக்க முயன்றார். கழகத்து விதியில் உறுப்பினரைக் குறிக்கும் சொல் ஆண்பாலில் இருக்கின்றமையாற் பெண்பாலார்க்கு இடமில்லை யென்று மறுத்தனர்! முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1920-ல், அக்கழகமே அவரைச் சேர்த்துக்கொண்டது. தந்தையார் அதனைக் காண இருந்திலர்.

பாக்ஸனாரிடம் குறையில்லை என்று நாம் கூறமாட்டோம். எடுத்த வேலை பல, அச்சேறியது சில. 1862 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அவர் நிலையத்தில் அளந்த ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விண்மீன்களின் அட்டவணை, அவர் மறைவுக்குப்பின் மிச்சி ஸ்மித் என்பாரது உழைப்பினாலேயே முழுவதும் வெளிவந்தது. மலைமேற் பெரிய தொலைநோக்கி யொன்று வேண்டுமென்று 1882-ல் அவர் விடுத்த கோரிக்கையும் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. அதன்பொருட்டுப் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் ஆராயப்பட்டது. 1899-ல் கோடைக்கானல் நிலையம் தோன்றியபொழுது அவர் இறந்து எட்டாண்டுகள் சென்றிருந்தன. 1878-ல் அரசாங்கத்தார் ஒரு விருதளித்தனர். 1891 ஜூன் மாதத்தில், சென்னையிலேயே, அறுபத்திரண்டாம் வயதில் அவர் காலஞ்சென்றார்.

இனி அவருடைய அளவுகோல் இன்று செய்யும் தொண்டைச் சொல்வோம். பூமிக்கு அபாயமாகக் கூடிய சிறுகோள் எது என்பதற்கு வான நூலோர் இரண்டு இலக்கணம் வகுத்துள்ளனர். அதன் பாதை பூமியின் பாதையை ஏறக்குறைய எழுபத்தைந்து லட்சம் கிலோமீட்டருக்குள் நெருங்க வேண்டும் என்பது ஒன்று. பாக்ஸனாரின் படிக்கணக்கில் அதன் இயல்பொளி இருபத்திரண்டாம் தரமோ அதனினும் மிக்கதோ ஆகவேண்டும் என்பது மற்றொன்று. பின்னதை அகலமாக மாற்றினால் ஏறத்தாழ 140 மீட்டர் வரும். கரிய கல்லாயின் பெரிதாயிருந்தும் மங்கித் தோன்றும். வெளிய கல்லாயின் சிறிதாயிருந்தும் விளங்கும். 2025-ல் நாற்பது முதல் தொண்ணூறு வரை என்று அவ்வளவு இடைவெளிவிட்டுக் கூறியதன் காரணம் இதுவே.

வரும் கல்லை விலக்குதல் கூடுமா என்பதும் இப்பொழுது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்போர் காணும் மகேந்திரகிரி அடிவாரத்தில் நம் தேசத்து இராக்கெட்டுகளுக்குரிய இயந்திரங்கள் சோதிக்கப்படுவதால், விண்கலம் என்பது நம்மவர்க்குப் புதிய பேச்சன்று. அமெரிக்க நாசா நிறுவனத்தார் டார்ட் என்னும் கலத்தை 2021 நவம்பரில் ஏவினர். டிடிமோஸ் என்னும் சிறுகோளை டைமார்ஃபோஸ் என்ற சிறு சந்திரன் சுற்றி வருகின்றது. அதன் அகலம் ஏறக்குறைய 160 மீட்டர். பூமிக்கு அதனால் அபாயமில்லை. 2022 செப்டம்பர் 26-ல், பூமிக்கு ஒரு கோடியே பத்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 580 கிலோகிராம் எடையுள்ள அக்கலம் நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் மோதித் தானும் அழிந்தது.

மோதிய பயன் யாதென்று அறிந்தது எங்ஙனம்? இரண்டும் சேர்ந்து பூமிக்கு ஒரே புள்ளியாகவே தோன்றுவன. சந்திரன் முன்னே செல்லும்பொழுதும் பின்னே மறையும்பொழுதும் அப்புள்ளியின் ஒளி ஒரு தரத்திற் சிறு பின்னமளவு குறையும். பல தேசத்துத் தொலைநோக்கிகளும் அக்குறைவை இரவுதோறும் பாக்ஸனாரின் அளவுகோலால் அளந்து, பொழுதைக் குறித்தன. முன்னே ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிஷம் சென்றது. பின்னர் 11 மணி 23 நிமிஷமே. கலம் மோதியதும் கல்லும் தூளும் எதிர்ப்புறமாய்ச் சிதறி, அதனாலேயே பெரும்பகுதி உந்துதல் உண்டாயிற்று. வேகத்தில் விளைந்த மாறுதல் நொடிக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவே.

இது மிகச் சிறிதன்றோ என்று மாணவர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகமே மாறினும், பத்தாண்டுகளில் அது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட விலக்கமாகச் சேரும். பூமியின் ஆரமோ ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர். இருபதாண்டுகளுக்கு முன்னரே கண்ட கல்லை மெல்லத் தட்டினாற் போதும். இரண்டு வாரத்திற்கு முன் கண்ட கல்லை இன்று நம்மிடமுள்ள எக்கலத்தாலும் விலக்கவியலாது. 2013 பிப்ரவரி 15-ல் ருஷியாவிலுள்ள செல்யாபின்ஸ்க் நகர்மேல் இருபது மீட்டர் அளவுள்ள கல் வெடித்து, சன்னற் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்து ஐந்நூறு பேர்வரை காயமுற்றனர். சூரியன் பக்கமாக வந்தமையால் அதனை முன்னரே கண்டார் ஒருவருமில்லை. கலம் செய்வோர் பணி தொடங்குதற்கு முன்பே, படத்தையும் வானத்தையும் ஒப்புநோக்கி உறக்கமிழந்து அமர்ந்திருப்பார் பணி முடிந்திருக்க வேண்டும்.

1885-ல் பாக்ஸனார் வேராவைக் கண்டபின், நம் தேசத்திலிருந்து புதிய சிறுகோள் காணப்பெறாமலே நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1988-ல் வாணியம்பாடியை அடுத்த காவலூரில் இராஜமோகன் என்னும் அறிஞர் ஒன்றைக் கண்டு, கணித மேதை இராமானுஜன் பெயரை அதற்குச் சூட்டினார். 1830 என்னும் எண்ணுடைய சிறுகோள் பாக்ஸன் என வழங்குகின்றது.

நுங்கம்பாக்கத்தில் அப்பழைய நிலையம் இப்பொழுது இல்லை. அவ்விடத்தில் வானிலை ஆய்வு அலுவலகம் இருக்கின்றது. முதற் கட்டடத்தில் தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கற்றூண் மட்டும், தமிழ் உட்படப் பல மொழிகளில் வெட்டிய எழுத்துக்களோடு அங்கே இன்னும் நிற்கின்றது. அவ்வளாகத்திலிருந்து 1861-ல் காணப்பட்ட ஆசியா, சூரியனை ஒருமுறை சுற்ற நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலமே கொள்ளுதலின், அன்று தொட்டு இன்றுவரை நாற்பது தடவைக்கு மேல் சுற்றி முடித்துவிட்டது.